பாலிலா, தண்ணீரிலா?

ஜனவரி 12

அன்புள்ள ஒருவேளை அண்ணாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாயா, இல்லை பிடிப்பது சரியா தப்பா என்று யோசித்து முடிப்பதற்குள் மாடிக்கே போய்விடுகிறாயா? இங்கே கடை நலம். தையல் இயந்திரங்கள் மூன்றும் நலம். என் மகள் இன்ஸ்பெக்டர் அம்மாவும் நலம்.

நான் மட்டும் கொஞ்சம் நலமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பெருங்குடலில் ஒரு கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய்தான். நுரையீரலிலும் ஒரு புள்ளி இருக்கிறதாம். அதற்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிறார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் ஒரு ரவிக்கைக்கு ஆர்டர் கூட வாங்கிவிட்டேன்.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நூலகத்தையே படித்து முடித்து நீ காய்ச்சலில் விழுந்திருப்பாய். போனில் சொல்லலாம் என்றால், உன் காதுக்குக் கேட்கிற மாதிரி கத்தினால் எங்கள் தெரு முழுக்கத் துக்கம் விசாரிக்க வந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் என்னை இங்கே உட்கார விடுவதில்லை, அங்கே நிற்க விடுவதில்லை. "அம்மா, கத்தரியக் கீழ வை. அம்மா, தண்ணி குடிச்சியா? அம்மா, யாருகிட்ட பேசிட்டிருக்க?" நோய்கூட இவ்வளவு தொந்தரவு செய்யவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முப்பது வருஷம் பரிசோதனைக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றவன். ஏதோ மஞ்சள் பட்டை என்பாய். ஒரு நாளும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எப்படிக் கொன்றாய்? ஒரு தையல்காரிக்குப் புரியும்படி எழுது. உன் வழக்கமான 'ஒருவேளை'யைக் கொஞ்சம் குறைத்துக்கொள். சின்ன வயதில் ஒரு நாள் தொப்பலாக நனைந்து வந்து நின்றாய். "வெளிய மழையா?" என்று கேட்டேன். "ஒருவேளை" என்றாய். அன்றைக்கு வைத்த பெயர் உனக்கு.

உன் வாலு


ஜனவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் கடிதத்துக்கு நான்கு பதில்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கேட்டதற்குப் பதில் சொல்ல வரும். அதையே செய்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புகள் இருக்கின்றன. செல்லை ஒரு ஊர் என்றால் இவை அதன் மின்நிலையங்கள். மின்நிலையத்துக்குள் ஒரு பணியாள் இருக்கிறார். சைட்டோகுரோம் சி என்பது அவர் பெயர். உள்ளே இருக்கும்வரை இயந்திரம் ஓட உதவுவார். சுவரில் ஓட்டை விழுந்து அவர் தெருவுக்கு வந்துவிட்டாலோ, ஊர் அதை ஒரு உத்தரவாக எடுத்துக்கொள்ளும். நேரம் முடிந்தது, விளக்கை அணை, கதவைச் சாத்து. பிறகு அந்தச் செல் சத்தம் போடாமல், பக்கத்துச் செல்லைத் தொந்தரவு செய்யாமல், தன்னைத்தானே துண்டு துண்டாக மடித்து வைத்துவிட்டு இறக்கிறது. கடை மூடும்போது நீ துணிகளை மடித்து வைப்பாயே, அப்படி.

புற்றுநோய்ச் செல்லுக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. வாசலில் ஆள் போட்டு அந்தப் பணியாளை வெளியே விடாமல் அடைத்துவைக்கிறது. அதனால்தான் சாகமாட்டேன் என்கிறது.

அந்த மஞ்சள் நிற மரப்பட்டையை அரைத்து, கரைத்து, வடித்து, அதிலிருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முதல் பதினாறும் எங்களைக் கைவிட்டன. பதினேழாவதைப் புற்றுநோய்ச் செல்கள் இருந்த கண்ணாடித் தட்டில் விட்டோம். அந்தச் செல்களுக்கு ஒரு சாயம் ஏற்றியிருந்தோம். மைட்டோகாண்ட்ரியா சக்தியோடு இருந்தால் சிவப்பாக ஒளிரும். சக்தி போனால் பச்சையாகும். காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பு நூல்கண்டைப் பிரித்துப் போட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் பார்த்தேன். பச்சை. ஒரு சிவப்பு இழை இல்லை.

பக்கத்துத் தட்டில் ஆரோக்கியமான தோல் செல்கள். அதே பதினேழு, அதே அளவு. அவை அப்படியே சிவப்பாக இருந்தன.

என் இளைய சகா பின்னாலிருந்து, "சார், தட்டு மாத்தி வச்சிட்டோமா?" என்றார். இல்லை. மறுநாள் மறுபடி செய்தோம். அதே பச்சை. அன்று பேருந்தில் என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். வாசல் காவலர்களைத் தள்ளிவிட்டு அந்தப் பணியாளைத் தெருவுக்கு அழைத்துவந்துவிட்டது பதினேழு. மறந்துபோன மரணத்தை அந்தச் செல்லுக்கு ஞாபகப்படுத்திவிட்டது. அதைப் பார்த்த கண் என்னுடையது.

எழுத எழுதக் கை நிற்கவில்லை. அலுப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. மகள் சொல்வதைக் கேள்.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்காலுக்கும் காதுக்கும் என் விசாரிப்புகள்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் உன்னை மாதிரி ஒருவர் அறிவியல் எடுத்திருந்தால் நான் தையலுக்கு வந்திருக்கமாட்டேன். இப்போது சொட்டு மருந்து ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உன் மின்நிலையத்துப் பணியாளைக் கூப்பிடுகிறேன். "ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க." செவிலி, "யாரைக் கூப்பிடுறீங்க?" என்கிறாள். "அண்ணனோட சிநேகிதர்" என்றேன்.

ஒரு சின்னக் கேள்வி. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அந்தப் பட்டை இங்கே மூலிகைக் கடையிலேயே கிடைக்கிறதாம். அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் உன் பதினேழு இறங்குமா, பாலில் கொதிக்கவைத்தால் இறங்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இன்ஸ்பெக்டர் வருகிறாள். முடிக்கிறேன்.

உன் வாலு


பிப்ரவரி 16

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே குளிர் குறைந்திருக்கிறது. ஒருவேளை அடுத்த வாரம் திரும்பலாம். முழங்கால் பரவாயில்லை. புதிதாக ஒரு களிம்பு தடவுகிறேன். ஒருவேளை அதனால் இருக்கலாம், ஒருவேளை வெயிலால் இருக்கலாம்.

உன் வாடிக்கையாளரின் கேள்விக்கு: பதினேழாம் பொருள் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. கொழுப்பில் கரையும். ஆகவே தண்ணீரைவிட, ஆடை எடுக்காத பாலில் அதிகமாக இறங்கும். பொங்கவிடக் கூடாது. சிறு தீயில் நெடுநேரம் வைக்கவேண்டும். பட்டையை முழுதாகப் போடுவதைவிட இடித்துப் போடுவது மேல். உடம்பு இப்படிப்பட்ட பொருள்களைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். மிளகு சேர்த்தால் அது தாமதப்படும் என்று எலிகளில் பார்த்திருக்கிறோம்.

உன் வாடிக்கையாளர் நலமடையட்டும்.

நீ நன்றாகத் தூங்குகிறாயா? பக்கத்து நாற்காலிப் பெண்மணியின் ரவிக்கை தைத்தாயிற்றா?

அன்புடன்
அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள ஒருவேளை அண்ணாவுக்கு,

நீ நலந்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கை சோர்ந்து கிடந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. நேற்றுக் கண்ணாடியில் பார்த்தேன். கண் வெள்ளை, வெள்ளையாக இல்லை. பழைய வேட்டி நிறம்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். கல்லீரல் கணக்கு எங்கேயோ ஏறிவிட்டதாம். மருத்துவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, வேற ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?"

"இல்லையே."

"வலி மாத்திரை? சத்து மாத்திரை? நாட்டு மருந்து ஏதாவது?"

"இவ என்னைத் தண்ணியே அளந்துதான் குடிக்க விடுறா, டாக்டர்" என்று இன்ஸ்பெக்டரைக் காட்டினேன். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். கல்லீரல் இறங்கும்வரை கிடையாதாம். அதற்குள் நுரையீரல் புள்ளி என்ன செய்யுமோ என்று அவருக்கும் கவலை. வெளியே சொல்லவில்லை, பேனாவை மூடி மூடித் திறந்தார்.

எனக்குக் கவலை இல்லை அண்ணா. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். வாடிக்கையாளரும் இல்லை, ஒருவரும் இல்லை. நான்கு வாரமாக நான்தான் குடிக்கிறேன். கடையில் பின்னறையில், இஸ்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பு. ஆடைப் பால், இடித்த பட்டை, மிளகு, சிறு தீ. நீ எழுதியபடி ஒரு இம்மி பிசகவில்லை. பட்டையைப் பொத்தான் டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் தேடாத ஒரே இடம்.

ஏன் நம்பினேன் தெரியுமா? நாற்பது வருஷமாக உன் கடிதங்களைப் படிக்கிறேன். சூரியன் உதிக்கும் என்றுகூட 'ஒருவேளை' போடாமல் எழுதமாட்டாய். ஜனவரியில் வந்த அந்தக் கடிதத்தில் ஒரு ஒருவேளை இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். எங்க அண்ணன் ஒன்றை நிச்சயமாகச் சொல்கிறான் என்றால் அது கல்லில் எழுதினது. மற்றவர்களுக்கு இது புரியாது.

இப்போது கேள்வி. மருத்துவமனை மருந்தை நிறுத்திவிட்டதால், பட்டையை ஒரு டம்ளரிலிருந்து இரண்டாக்கட்டுமா? சீக்கிரம் எழுது.

இன்ஸ்பெக்டருக்குத் தெரியக்கூடாது. சொன்னால் கடைச் சாவியையே பிடுங்கிவிடுவாள்.

உன் வாலு


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பை விசாரிக்கும் வழக்கமான வரியை இன்று எழுத முடியவில்லை.

பட்டையை நிறுத்திவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஒருவேளை மருத்துவர் சொல்வதுபோல மருந்தே காரணமாக இருக்கலாம். ஒருவேளை பட்டை காரணமாக இருக்கலாம். ஒருவேளை இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் பழைய பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். "சார், தட்டு மாத்தி வச்சிட்டோமா" என்று கேட்டார் என்று எழுதினேனே, அவர் இப்போது அங்கே தலைவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பதினேழக் கல்லீரல் செல்லுல யாராவது போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே பாத்தோம் சார்."

"என்ன ஆச்சு?"

"தாங்கல சார். கல்லீரல் செல்லுல மைட்டோகாண்ட்ரியா நிறைய இல்லையா? கேன்சர் செல்லுக்கு முந்தி அதுங்கதான் பச்சையாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படும்னுதான் சார்… டீ சொல்லட்டுமா?"

ஆரோக்கியமான செல்லை அது தொடாது என்று நீ நம்பும்படி எழுதினேன். நான் பார்த்தது தோல் செல்லை மட்டும். அந்த ஒரு தட்டைப் பார்த்துவிட்டு உடம்பு முழுவதற்கும் எழுதிவிட்டேன்.

தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்றும் இல்லை. நாங்கள் விட்ட அளவு ரத்தத்தில் சேர வாளிக் கணக்கில் குடிக்கவேண்டும். ஒருவேளை உன் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் பாலும் மிளகும் ஒருவேளை அதைக் கூட்டியிருக்கலாம். மகளிடம் சொல்லிவிடு. ஒருவேளை கோபப்படுவாள். அது ஒரு நாள் கோபம். மருத்துவரிடம் சொன்னால், காரணம் தெரிந்துவிடும், ஒருவேளை மருந்தை மறுபடி தொடங்குவார்.

உன் வாடிக்கையாளர் யார் என்று அன்றைக்கு விசாரிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

தயவுசெய்து.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தில் ஏழு ஒருவேளை இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். உண்மை தெரிந்தபோது ஒன்றுகூட எழுதவில்லை. இப்போது பயம் வந்துவிட்டது, ஏழு எழுதுகிறாய். பரிசோதனைக்கூடத் தலைவர் ஏதோ சொன்னார் என்று முப்பது வருஷத்தை விட்டுக்கொடுக்கிறாயே. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கையில் இருக்கிற பம்பரத்தைக் கூட, "இது உன்னுதா?" என்று யாராவது அதட்டினால் கொடுத்துவிடுவாய். உனக்காக நான்தான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவேன்.

இந்தத் தடவையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இரண்டு டம்ளர் ஆக்கிவிட்டேன்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதினாய் என்றால் உனக்குத் தங்கை இல்லை. இது விளையாட்டில்லை.

வாலு


ஏப்ரல் 8

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். இதைப் படித்ததும் உன் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போ. படித்து முடித்துவிட்டு அல்ல, இந்த முதல் பத்தியைப் படித்ததும்.

உன் அம்மா பிப்ரவரி நடுவிலிருந்து ஒரு மரப்பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடித்து வருகிறாள். மிளகும் சேர்க்கிறாள். ஒரு டம்ளராக இருந்தது இப்போது இரண்டு. கடையின் பின்னறையில் காய்ச்சுகிறாள். பட்டை பொத்தான் டப்பாவில் இருக்கிறது. டப்பாவை அப்படியே மருத்துவரிடம் கொண்டு போ. அந்தப் பட்டையில் உள்ள ஒரு பொருள் கல்லீரல் செல்களைக் கொல்லும். புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் அதே வழியில் கொல்லும். அதைப் பிரித்தெடுத்தவன் நான். பரிசோதனைக்கூடத்தின் தொலைபேசி எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மருத்துவர் அங்கே பேசினால் அளவு விவரமெல்லாம் சொல்வார்கள்.

பாலில் காய்ச்சச் சொன்னவன் நான். மிளகு சேர்க்கச் சொன்னதும் நான். வாடிக்கையாளருக்கு என்று கேட்டாள். வாடிக்கையாளர் இல்லை என்று எனக்குத் தெரியும். கேள்வியைப் படித்தபோதே தெரியும்.

அவளைத் திட்டாதே. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடு. மறைக்க வேண்டாம்.

மாமா


மே 2

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் ஏப்ரல் 13ஆம் தேதி கிடைத்தது. அன்றே மருத்துவமனைக்குப் போனோம். டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தேன். மேலே பொத்தான்கள், கீழே பட்டை. மருத்துவர் அம்மாவைப் பார்த்து, "நான் கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டையை நிறுத்திய பிறகு கல்லீரல் கணக்கு இறங்கி வருகிறது. கண் வெளுத்துவிட்டது. ஆனால் போன வாரம் படம் எடுத்தார்கள். பிப்ரவரியில் சுருங்கியிருந்த நுரையீரல் புள்ளி, மருந்து இல்லாத இந்த வாரங்களில் பழையபடி வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது. அடுத்த வாரம் மருந்தை மறுபடி தொடங்குகிறார்கள். முன்போல வேலை செய்யுமா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்வதில்லை.

அம்மா உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் கடிதக் கட்டு இருந்த இழுப்பறையைப் பூட்டியிருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். "பாலிலா, தண்ணீரிலா" என்று அம்மா கேட்டபோது, வாடிக்கையாளர் இல்லை என்று தெரியும் என்கிறீர்கள். அப்படியென்றால், "எதுக்குக் கேக்குற?" என்று ஒரு வார்த்தை ஏன் மாமா கேட்கவில்லை? மூன்று சொல் கூட இல்லையே அது.

இப்படிக்கு
உங்கள் மருமகள்


மே 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ இதைப் பிரிப்பாயா என்று தெரியவில்லை. பிரித்தால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதாக வைத்துக்கொள்.

உன் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். பதிலை உனக்குத்தான் சொல்லவேண்டும்.

பதினேழு என் பரிசோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. தட்டு, பிறகு சில எலிகள், பிறகு அலமாரி. ஓய்வு பெற்ற அன்று குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இப்போது தெரிகிறது. உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது, நீ நோயாளி என்பதை ஒரு பக்கம் எழுதியதும் மறந்துபோனேன். பச்சை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஒருவேளை என்ற சொல் என் பதிலில் இல்லாததற்குக் காரணம் நான் நிச்சயமாக இருந்தது அல்ல, சந்தோஷமாக இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் அதற்கு முன் சந்தோஷமாக உனக்கு எழுதியதே இல்லை.

பிறகு பாலிலா தண்ணீரிலா என்று கேட்டாய். யாருக்கு என்று தெரிந்தது. எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தால் தடுத்தாகவேண்டும். தடுக்க எனக்கு மனமில்லை. அது உனக்குள் வேலை செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ பிழைக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு, என் பதினேழு ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இத்தனை வருஷம் பொருள்களைப் பிரித்தவனுக்கு இது மட்டும் பிரியவில்லை.

உன் மகளுக்கு எழுதிய கடிதத்தையும் உடனே போடவில்லை. இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். முகப்பில் இருந்தவர், "ஐயா, நேத்தும் இதே உறையோட நின்னீங்க. அடைகாக்குறீங்களா? குடுங்க இப்படி" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "சாதாரணமா, விரைவா?" என்றார். விரைவு என்றேன். அந்த இரண்டு நாளில் நீ குடித்த டம்ளர்களும் என் கணக்கில்தான்.

நீ பதில் எழுதவேண்டும் என்று இல்லை.

அண்ணன்


ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் பரவாயில்லை. இங்கே மழை. ஒருவேளை அல்ல, மழைதான். ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

ஒருவேளை அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று இன்னும் போட வரவில்லை. கையைத் திட்டிப் பார்த்தேன், எழுதமாட்டேன் என்கிறது. பழகிக்கொள்ளட்டும்.

மழைக் கடிதத்துக்குச் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

உன் மீது கோபம் எதற்கு என்று இத்தனை நாள் படுத்துக்கொண்டு யோசித்தேன். என் மகளிடம் சொன்னதற்கு இல்லை. அது முதல் வாரத்திலேயே போய்விட்டது. பதினேழு ஜெயிக்கவேண்டும் என்று நீ ஆசைப்பட்டதற்கும் இல்லை. நானும்தான் ஆசைப்பட்டேன். என் கூட மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணன் கண்டுபிடிச்சது" என்று சொல்லவேண்டும் என்று வாய் ஊறியது. "வாடிக்கையாளர் யார் என்று விசாரிக்கத் தோன்றவே இல்லை" என்று மார்ச்சில் எழுதினாயே, அதற்குத்தான் கோபம். நான் உன்னிடம் பொய் சொல்வேன், அது என் உரிமை. நீ என்னிடம் பொய் சொன்னது அது ஒன்றுதான். அதையும் கோணலாகச் சொன்னாய்.

மருந்து ஓடுகிறது. முடி போய்விட்டது. தலைக்கு நானே ஒரு தொப்பி தைத்துக்கொண்டேன், அதைப் பார்த்து நான்கு பேர் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி இப்போது வருவதில்லை. ரவிக்கை தைத்து அலமாரியில் இருக்கிறது. புள்ளிகள் வளரவில்லை, சுருங்கவும் இல்லை. அடுத்த படம் டிசம்பரில்.

இங்கே எல்லாரும் என்னிடம் நிச்சயமாகப் பேசுகிறார்கள் அண்ணா. "எல்லாம் சரியாயிடும்மா" என்கிறாள் இன்ஸ்பெக்டர். "சூப்பரா இருக்கீங்க" என்கிறாள் செவிலி. மருத்துவர் தோளைத் தட்டுகிறார். ஒருவர் வாயிலும் ஒரு ஒருவேளை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அது இல்லாத கடிதத்தை நம்பி ஒரு தடவை பட்டுவிட்டேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, சீருடை தைக்கக் கடையைத் திறந்து நான் உட்கார்ந்திருப்பேனா? பூசி மெழுகாமல் எழுது.

அப்புறம், உன் கழுத்தளவு இன்னும் பதினைந்தரைதானா?

வாலு


ஆகஸ்ட் 27

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். தெரிந்தபிறகும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

மார்ச்சில் எழுதிய அந்த வரி பொய். மற்றதற்கெல்லாம் என்னிடம் ஏதோ ஒரு விளக்கம் இருந்தது. இதற்கு இல்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பழைய சகாவிடம் போய், உன் மருந்தைப் பற்றி வந்திருப்பதையெல்லாம் வாங்கி வந்து படித்தேன். உன்னை மாதிரி இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வருஷம் கழித்தும் புள்ளி அப்படியே நிற்கிறது. மீதிப் பாதிக்கு நிற்பதில்லை. உனக்கு நடுவில் மருந்து நின்றுபோன வாரங்கள் உண்டு. அவை எந்தப் பக்கம் இழுக்கும் என்று எழுதியவர்களுக்கும் தெரியவில்லை. மருந்தை நிற்கவைத்தவன் நான் என்பதால் அந்தப் பக்கங்களை மறுபடி மறுபடி படித்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கும்போது கடையில் உட்கார்ந்திருப்பாயா? ஒருவேளை.

தோளைத் தட்ட எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரு சொல்லை, தேடிப் பார்த்துவிட்டு, அதன் முழு எடையோடு எழுதுகிறேன். ஒருவேளை உட்கார்ந்திருப்பாய்.

கழுத்தளவு பற்றிக் கேட்டிருக்கிறாய். நாடாவை எடுத்துக் கண்ணாடிமுன் நின்று அளந்தும் வைத்துவிட்டேன். எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னை ஒன்று கேட்கவேண்டும்.

எதுக்குக் கேக்குற?

ஒருவேளை